பூட்டைத் திறந்தால் கண் போகும்

"ஐயா, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். அந்த உள்ளறையைத் திறக்கிறவனுக்குக் கண்ணு போயிடும். அப்புறம் உங்க இஷ்டம்."

காவிரிக்கரையில் ஒரு சிவன் கோயில். பெயர் வேண்டாம். சொன்னவர் மெய்க்காவலர், எழுபதைத் தாண்டியவர். நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் சாவிக்கொத்து. நான் மண்டபத்துத் தரையில் வெள்ளைத் துணி விரித்துத் தராசுக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் நகை சரிபார்ப்புக்குப் போகிற மதிப்பீட்டாளரின் முதல் வேலை அது. இரண்டாவது வேலை மின்விசிறியை நிறுத்தச் சொல்வது. காற்று பட்டால் தராசில் எண் நிலைக்காது. அதனால் எங்கள் பிழைப்பு சித்திரையிலும் வியர்வையில்தான்.

இருபத்திரண்டு வருடம் இந்த வேலையாக ஊர் ஊராகப் போயிருக்கிறேன். பத்தர் வீட்டுப் பிள்ளை, தங்கவேலை செய்கிற குடும்பம். அப்பாவின் உரைகல்தான் கடைசிவரை என் பையில் இருந்தது. சாபக்கதை இல்லாத கோயிலே கிடையாது என்று சொல்லமாட்டேன். ஒரு வரிசை மட்டும் பிடிபட்டது. திருவிழாவுக்குத் திருவிழா திறந்து நகை எடுத்துச் சாத்துகிற அறைக்குக் கதையே இருக்காது. அந்தச் சாவி எங்கே தொங்குகிறது என்று கோயில் மடைப்பள்ளிப் பரிசாரகரின் பேரனுக்குக்கூடத் தெரியும். சாவி தொலைந்த அறை, பதிவேட்டில் பக்கம் கிழிந்த அறை, இரண்டு தலைமுறையாக யாரும் கணக்குப் பார்க்காத அறை, இவற்றில்தான் பாம்பு குடியேறும், பூதம் உட்காரும்.

ஒடிசாவில் புரி ஜகந்நாதர் கோயிலின் நகைக் கருவூலமான ரத்ன பண்டாரத்தையே பாருங்கள். 1978-இல் கணக்கெடுத்தார்கள். 2018 ஏப்ரலில் ஆய்வுக்குப் போன குழு உள்ளறையைக் கம்பிக்கதவுக்கு வெளியே நின்று விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பிறகுதான் சாவியைக் காணோம் என்ற செய்தி வந்தது. ஊரே கொதித்தது. சில வாரம் கழித்து, மாற்றுச் சாவி என்று மேலே எழுதிய உறை ஒன்று மாவட்ட நிர்வாகத்தின் பதிவறையிலிருந்து கிடைத்தது. கடைசியில் 2024 ஜூலை 14 அன்று உள்ளறையைத் திறக்கப் போனபோது அந்தச் சாவிகளும் சேரவில்லை, பூட்டை உடைத்தார்கள். பாம்பு காக்கிறது என்ற பேச்சுக்காகப் பாம்பு பிடிப்பவர்களையும் வெளியே தயாராக நிறுத்தியிருந்தார்கள். பாம்பு இல்லை. 46 வருடம் அந்தப் பொக்கிஷத்தை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதைவிட, பாம்பு இருந்ததா இல்லையா என்பதுதான் அன்றைக்குப் பெரிய பேச்சு.

திருவனந்தபுரம் கதை எல்லோருக்கும் தெரியும். பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளை உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் 2011-இல் திறந்து எண்ணினார்கள். ஒரு லட்சம் கோடி என்று பத்திரிகைகள் போட்ட தொகை ஊகம்தான். உரைகல்லும் தராசும் வைத்துச் சொன்னதல்ல. 'பி' நிலவறையின் உள் இரும்புக்கதவு மட்டும் இறுகிப்போய்த் திறக்கவில்லை. வழக்குப் போட்ட ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி சுந்தரராஜன் அதே ஆண்டு ஜூலையில் இறந்தார். வயது 70. உடனே சாபம் பலித்துவிட்டது என்றார்கள். ஆகஸ்டில் தேவபிரசன்னம், அதாவது தெய்வத்தின் விருப்பத்தை அறியும் ஜோதிடச் சடங்கு பார்த்து, திறந்தால் கேடு என்றார்கள். நாகங்களை வைத்து மந்திரத்தால் கட்டிய நாகபந்தம், அதை அவிழ்க்கக் கருட மந்திரம் என்று கதை வளர்ந்தது. இரண்டு நாகங்கள் பின்னிய ஒரு கதவின் படம் இன்றைக்கும் கைப்பேசிக்குக் கைப்பேசி போய்க்கொண்டிருக்கிறது. பூட்டே இல்லாத கதவாம்! பூட்டுக்கொல்லரைக் கூட்டிப்போய் முயன்ற கதவு அது.

பிறகு உச்ச நீதிமன்றம் அமர்த்திய முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வினோத் ராயின் அறிக்கை வந்தது. அந்த 'பி' நிலவறை 1990-இல் 2 தடவையும் 2002-இல் 5 தடவையும் திறக்கப்பட்டிருக்கிறது என்றது அது. திறந்தது முன்னறைதான், உள்ளறை இல்லை என்று அரச குடும்பத்தார் சொன்னார்கள். இருக்கட்டும். ஏழு தடவை திறந்தபோது வராத சாபம், எண்ணுவதற்கென்று ஆள் வந்ததும் எப்படி விழித்துக்கொண்டது? 2020 ஜூலை 13 தீர்ப்பில் நீதிமன்றம் அந்தக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்பதை நிர்வாகக் குழுவிடமே விட்டுவிட்டது.

இதை எழுதும்போது நான் பெரிய பகுத்தறிவுவாதி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் பயம் உண்டு. 'சிவன் சொத்து குல நாசம்' என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அம்மா. பிரகாரத்தில் உட்கார்ந்து எழுந்தால் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாள் முடிந்து சண்டிகேசுவரர் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவேன். எல்லோரும் செய்வதுதான், ஆனால் நகத்திடுக்கில் கோயில் நகையின் அரக்கு ஒட்டியிருக்கிற கையோடு செய்து பாருங்கள், அது வேறு மாதிரி இருக்கும்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று கல்வெட்டுகளைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் விளங்கியது. சாபம் நம் கோயில்களுக்குப் புதிதல்ல. சுவர் நிறைய இருக்கிறது. 'கங்கையிடைக் குமரியிடைச் செய்தார் செய்த பாவம் கொள்வார்' என்று சோழர் காலத்துக் கல். 'கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற தோஷத்திலே போகக் கடவார்' என்று பிற்காலத்துக் கல். யாருக்கு இந்தச் சாபம்? தர்மத்தை அழிப்பவனுக்கு. கோயில் விளக்கு நெய்க்கென்று விட்ட ஆட்டை விற்றவனுக்கு, நிலத்து நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோனவனுக்கு. அதாவது சாவி வைத்திருப்பவனுக்கு! நான் படித்த கல் ஒன்றில்கூட எண்ணிப் பார்ப்பவனுக்கோ எடை போடுபவனுக்கோ சாபம் இல்லை.

எப்படி இருக்கும்? தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் செய்தது நேர் எதிரான வேலை. 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்று தொடங்கி, கொடுத்தார் கொடுத்த எல்லாவற்றையும் விமானத்துக் கல்லிலேயே வெட்டச் சொன்னான். பொன்னை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுத்தார்கள், மணி பதித்த நகையை 'தக்ஷிணமேரு விடங்கன்' என்ற கல்லால் நிறுத்தார்கள். முத்து என்று ஒரு வார்த்தையோடு விடவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ஒரு பட்டியல். நகைக்குள் அடைத்த அரக்கும் சேர்த்த எடை என்றால் 'அரக்கும் பிஞ்சும் உட்பட' என்றே எழுதியிருக்கிறது. முதல் தடவை அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மொத்த எடை, நிகர எடை என்று இரண்டு கட்டம் போட்டு நாங்கள் படிவத்தில் எழுதுகிற அதே தகராறு, ஆயிரம் வருடத்துக்கு முன்னால். போகிற வருகிறவன் எல்லாம் படிக்கிற சுவரில் நகைப் பட்டியல் இருந்தால், திருடுகிறவன் கல்லையும் அல்லவா திருட வேண்டும்?

சரி, மெய்க்காவலரின் உள்ளறைக்கு வருகிறேன்.

மூன்று பூட்டு. இரண்டுக்குச் சாவி இருந்தது, ஒன்று செயல் அலுவலரிடம், ஒன்று அறங்காவலர் பொறுப்பைப் பார்க்கிற தக்காரிடம். மூன்றாவதன் சாவி யாரிடமும் இல்லை. எல்லோரையும் சாட்சி வைத்து, நடப்பதைப் பதிவு செய்கிற மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்கி, பூட்டை அறுக்க ஆள் வந்தான். சின்னப் பையன். "சாமி குத்தம் ஆகாதுல்ல சார்?" என்று என்னைக் கேட்டான். குருக்கள் ஒரு கற்பூரத்தை ஏற்றிக் காட்டிவிட்டு, "நீ பூட்டைத்தான் அறுக்கிறே, சாமியை இல்லே. அறு" என்றார். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் தெளிவாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

கதவு திறந்ததும் முகத்தில் அறைந்தது நெடி. கூரையோரம் ஒரு காற்றுத் துளை, அதன் வழியாக வௌவால்கள். எத்தனை வருடத்துப் புழுக்கையோ, முழங்கால் புதையும் அளவுக்குக் குவிந்திருந்தது. கண் எரிந்து கொட்டியது எல்லோருக்கும். நான்கு பேரும் வாசலுக்கு ஓடிவந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டோம். மெய்க்காவலர் ஒரு வார்த்தை பேசவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். எனக்கு அந்த நிமிடம் தோன்றியது, என்றைக்கோ ஒருவன் இப்படித்தான் திறந்து, இப்படித்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடியிருப்பான். நிரூபிக்க முடியாது. ஆனாலும் நம்புகிறேன். கதவைத் திறந்துபோட்டு, மேசை விசிறியை வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் உள்ளே போனோம்.

கரையான் தின்ற இரண்டு மரப்பெட்டி. குத்துவிளக்குகள், செம்புக் குடங்கள். தொட்டால் பொடியாகிற ஓலைக்கட்டு ஒன்று. கறுத்துப்போன வெள்ளி நாகாபரணம், ஐந்து தலை. அந்த அறையிலிருந்த ஒரே பாம்பு அதுதான். தங்கம் என்று சில பொட்டுத்தாலிகள். பழைய பதிவேட்டில் எடை தோலாவில் இருந்தது. ஒரு தோலாவுக்கு 11.66 கிராம் என்று பெருக்கிப் பெருக்கி ஒத்துப்பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. மூன்று தலைமுறை பயந்த அறையில் ஒரு குன்றிமணி குறையவில்லை. மாலையில் வெள்ளைத் துணியை உதறிப் பார்த்தபோது இரண்டு கெம்புக்கல் கிடைத்தன. உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தோம்.

அதைவிட என்னை உறுத்துவது வேறொரு கோயில். அங்கே பூட்டிய அறையே இல்லை, தினம் திறக்கிற பெட்டிதான். அம்மனின் காசுமாலையை எடுத்து உரைகல்லில் வைக்கப்போனேன். நிர்வாகத்தில் இருந்த ஒருவர் கையைப் பிடித்துவிட்டார். "அம்பாள் மேனியில கிடக்கிறதை உரசினா உக்கிரமாயிடுவா சார். போன தடவை வந்தவங்க எடை மட்டும்தான் பார்த்தாங்க." குரல் நடுங்கியது. பக்தி என்றுதான் முதலில் நினைத்தேன். உயரதிகாரி தலையிட்ட பிறகு உரசினேன். நாற்பத்தொன்பது காசில் கோடு நின்றது. மூன்றில், திராவகம் பட்டதும் பச்சையாக நுரைத்துக் கோடு காணாமல் போனது. முலாம் பூசிய பித்தளை. எடை சரியாக இருக்கும்படி வார்த்திருந்தார்கள், நல்ல வேலைக்காரன்தான். அறிக்கை கொடுத்தேன். அதற்குமேல் என்ன நடந்தது என்பது என் மேசைக்கு வரவில்லை. ஆனால் சாபம் என்று யாராவது சொன்னால், அந்த நடுங்கிய குரல்தான் இன்றும் காதில் கேட்கிறது.

ஓய்வுபெற்று இரண்டாம் வருடம் எனக்கு வலது கண்ணில் புரை. அறுவை சிகிச்சை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் கிடந்தேன். "அந்த அறையைத் திறக்கப் போகாதீங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா?" என்றாள் மனைவி. பாதி கேலி, பாதி நிஜம். எப்படியோ செய்தி காவிரிக்கரைக்கும் போய், மெய்க்காவலர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேனேய்யா."

"சொன்னீங்க பெரியவரே. உங்க கண்ணு எப்படி இருக்கு?"

"எனக்கு ரெண்டு கண்ணும் ஆபரேஷன் பண்ணிப் பத்து வருஷமாச்சுங்கய்யா. அதுக்கப்புறம் சொட்டு மருந்து மட்டும் விடாம போட்டுக்கிட்டிருக்கேன். நீங்களும் விட்டுடாதீங்க."