கழற்றி மாட்ட ஒரு மலிவு கிட்டார்

வாசிக்க ஒரு கிட்டார் ஏற்கெனவே இருக்கிறது. இது கழற்றி மாட்டுவதற்கென்றே வாங்கியது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரின் வடிவம், மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும், ஒற்றைச் சுருள் கொண்ட பாகம்). கும்பகோணத்துக்கு கூரியரில் வந்த அன்றே ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததைப் பார்த்து அம்மா, “புதுசை ஏன்டா பிரிக்கிற?” என்றார்.

கழுத்து நேராக இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம், மற்றதையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகள்! ஓரத்தில் விரலை ஓட்டினால் ரம்பத்தைத் தடவுவது போல இருக்கிறது. தஞ்சாவூர் வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிப்பார்கள், பிசகினால் மெழுகை இளக்கிச் சரிசெய்யலாம். இங்கே கம்பி மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. மாஸ்கிங் டேப் ஒட்டி, சின்ன அரத்தால் ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டியதுதான்.

முன்பக்க மூடியான பிக்கார்டைத் திறந்தால், எதிர்பார்த்தபடியே பிக்கப்புக்கு அடியில் செராமிக் காந்தப் பட்டை. ஆறு முளைகளும் வெறும் இரும்பு. ஆல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்த வகையில் அந்த முளைகளே காந்தமாக இருக்கும். ஒலி மோசமில்லை, இரைச்சல்தான் அதிகம். குழிக்குள் செம்பு டேப் ஒட்டி கிரவுண்டில் சேர்த்தால் ஓரளவு அடங்கும். குழியை தாராளமாகவே குடைந்திருக்கிறார்கள், அதனால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், அதாவது இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப், உட்காரும். அப்புறம் அதற்கேற்ப வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மின்தடையை (பாட்) 250 கிலோ ஓமிலிருந்து 500க்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒலி மழுங்கும்.

நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஐப்பசி ஈரத்தில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் வெளுத்துப்போகும். அது தை மாதத்துக்கு மேல்தான்.