குறைத்தவரும் குரைத்தவரும்

1983-ஆம் ஆண்டு, அன்றைய பம்பாயில் நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு மெய்ப்புப் பார்க்கும், அதாவது அச்சுப் பிழை திருத்தும், வேலை என் தலையில் விழுந்தது. தமிழ் ஐயா என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் தமிழறிவு காரணம் அன்று. அச்சகம் தாராவியில் இருந்தது, நானும் தாராவியில் குடியிருந்தேன், அவ்வளவுதான்.

தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் சந்தில், ஒற்றை அறையில், ‘ட்ரெடில்’ என்னும் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தோடு நடந்த அச்சகம் அது. எழுத்துக் கோத்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சந்து முழுவதற்கும் அவர் அண்ணாச்சிதான். பெட்டியின் எந்தக் குழியில் எந்த எழுத்து என்று பார்க்காமலே, விரல் நுனியால் ஈய எழுத்துகளை எடுத்து வரிசையாக அடுக்குவார். தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணையிட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியும், துதிக்கை தூக்கிய பழைய ‘லை’யும் ‘னை’யும் அவருடைய பெட்டியில் மிச்சமிருந்தன. புதியவை தீர்ந்தால் பழையவற்றைப் போட்டுவிடுவார்; ஒரே பக்கத்தில் இரண்டும் வரும். “இது பிழையில் சேராது, ஈயத் தட்டுப்பாட்டில் சேரும்” என்று ஐயா அதை மட்டும் விட்டுவிட்டார்.

மற்ற எதையும் அவர் விடவில்லை. மூலத்தை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், காற்புள்ளியைக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; மற்றவர் மெய்ப்பில் விரல் வைத்துத் தொடர வேண்டும். ஆறுமுக நாவலர் பதிப்பில் பிழை காண்பது அரிது என்று புலவர்கள் பேசிக்கொண்டதை எங்களிடம் சொல்லிச் சொல்லியே, ஈரக் காகிதத்தில் மை கசிந்திருந்த அந்த மெய்ப்புகளை மும்முறை பார்க்கவைத்தார். அண்ணாச்சி தம் பங்குக்கு ஒன்று சொன்னார்: “வாசிக்காத தம்பி. வாசிச்சா கண்ணே திருத்திக்கிடும்லா. எழுத்த ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டே போ.”

நான் வாசித்தேன். ஓய்வுபெறும் தலைமையாசிரியரைப் பற்றிய பக்கத்தில், ‘ஏழை மாணவர்களின் கட்டணத்தைக் குறைத்தவர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘குரைத்தவர்’ என்று அச்சாகிவிட்டது. ஐந்நூறு படிகளும் தைத்து முடிந்த பிறகு, விழாவுக்கு முந்தைய மாலையில் ஐயாவின் கண்ணில்தான் அது பட்டது. அவர் திட்டவில்லை. என்னோடு இன்னும் மூவரை உட்காரவைத்து, கறுப்பு மை ஊற்றிய பேனாக்களைக் கொடுத்தார். ‘ர’வின் வலப்பக்கத்தில் ஒரு வளைவைச் சேர்த்து வாலைக் கீழே இழுத்தால் ‘ற’ ஆகிவிடும் என்பதை அன்று ஐந்நூறு முறை கற்றோம். மறுநாள் மேடையில் மலரைப் பிரித்த தலைமையாசிரியர் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் முகத்துக்கு அருகே வைத்துப் பார்த்ததும், பிறகு ஐயாவைப் பார்த்துச் சிரித்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

ஆகவே அந்தக் காலத்தில் பிழையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பழைய தமிழ் நூல்களின் கடைசியில் ‘பிழையும் திருத்தமும்’ என்று பக்கக் கணக்கில் பட்டியல் நீண்டிருக்கும். ஆனால் எழுத்துக் கோக்க ஒருவர், ஒப்பிட ஒருவர், திருத்த ஒருவர் என்று ஒரு வரியை மூன்று பேராவது பார்த்த வழக்கம் அன்று இருந்தது. இன்று செய்தியாளர் கைப்பேசியில் தட்டியது, அல்லது வாயால் சொல்லி எழுத்தானது, அப்படியே பக்கத்துக்குப் போய்விடுகிறது. பேச்சில் நம்மில் பலருக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான் என்பதால் இயந்திரத்தை மட்டும் நொந்து பயனில்லை. நான் இப்போது வாழும் அமெரிக்காவிலும் நியூயார்க் டைம்ஸ் 2017-இல் தனது பிரதி திருத்தும் தனிப்பிரிவைக் கலைத்தது. ஊழியர்கள் தெருவுக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தமிழில் கண்ணுக்கே தெரியாத பிழைகளும் சேர்ந்துவிட்டன. துணைக்காலுக்குப் (‘ா’) பதில் ‘ர’ வந்து உட்கார்ந்தால் பார்வைக்கு வேறுபாடு தெரிவதில்லை. ‘கௌரவம்’ சில இடங்களில் ‘கெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக உடைந்து தட்டப்படுகிறது. கணினியில் தேடும்போதுதான் அது வேறு சொல் என்று தெரியவரும்.

சென்ற ஆண்டு எங்கள் தமிழ் ஐயா காலமானார். மும்பையிலிருந்து நண்பர் ஒருவர் நாளிதழ் நறுக்கைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஐயாவின் புகைப்படத்துக்கு மேலே, கொட்டை எழுத்தில், ‘இறங்கல் கூட்டம்’ என்று இருந்தது. நான் அந்த நாளிதழுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “இணையத்தில் மாற்றிவிட்டோம் சார்” என்று எடுத்த இளைஞர் பணிவாகவே பதில் சொன்னார்.

அச்சான நறுக்கு ஐயாவின் வீட்டில் இருக்கிறது. சென்ற டிசம்பரில் போயிருந்தபோது அவருடைய மகள் அதை எடுத்துக் காட்டினார்; பழக்கதோஷத்தில் என் கை சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது. ‘ர’வை ‘ற’ ஆக்குவது போல ‘ற’வை ‘ர’ ஆக்க முடியாது. அடித்துவிட்டு, மேலே வேறு எழுத்துத்தான் எழுத வேண்டியிருந்தது.