பாடநூல் பிடிஎஃப்பைப் பிள்ளையின் கைக்குக் கொண்டுசேர்ப்பது

தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் பள்ளி நூல்கள் பிடிஎஃப்பாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அரசுப் பள்ளியில் படிக்கும் பல பிள்ளைகளுக்கு வாய்ப்பது அப்பாவின் போன்தான். அது இரவில்தான் வீட்டுக்கு வரும். அன்றைய டேட்டாவும் அதற்குள் தீர்ந்திருக்கும். நெட் இல்லாமலே திறக்கும்படி, பாடம் பாடமாகப் பிரித்து, மெமரி கார்டில் ஏற்றிக் கொடுப்பதுதான் நாங்கள் கண்டவரை பலன் தரும் வழி.

முதலில் பதிப்பைப் பாருங்கள். புதிய பாடத்திட்ட நூல்கள் 2018 முதல் வரத் தொடங்கின. அதன்பின் பலமுறை திருத்தப்பட்டுள்ளன. தனியார் தளங்களில் பழைய பதிப்பே இன்னமும் கிடக்கிறது. நூலின் முன்பக்கங்களில் 'திருத்திய பதிப்பு' என்று வரும் ஆண்டு, வகுப்பில் கொடுத்த அச்சு நூலோடு ஒத்துப்போக வேண்டும். தமிழ் வழியா ஆங்கில வழியா, எந்தப் பருவம், எந்தத் தொகுதி என்பதையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

பிரிக்கும்போது எல்லோரும் தடுமாறும் இடம் பக்க எண். அச்சில் 1ஆம் பக்கம் என்பது பிடிஎஃப்பில் முதல் பக்கம் அல்ல. அட்டை, முகவுரை, பொருளடக்கம் எல்லாம் முன்னால் நிற்கும். அந்த வித்தியாசத்தை எண்ணிக் கூட்டாவிட்டால் ஒவ்வொரு பாடமும் நடுவில் வெட்டுப்படும். கோப்புப் பெயரில் வகுப்பு எண் முதலிலும் பாட எண் கடைசியிலும் வரட்டும்: '10-அறிவியல்-07'. ஒற்றை இலக்கப் பாட எண்ணுக்கு முன் சுழியம் போடாவிட்டால், சில போன்களில் 1ஆம் பாடத்துக்கு அடுத்து 10ஆம் பாடம் வந்து நிற்கும்.

பிரித்த பிறகு அளவைக் குறையுங்கள். கணினியில் பிடிஎஃப்பைச் சுருக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் இலவசம், நெட்டும் வேண்டாம். அதில் 'ஈபுக்' அமைப்பு படங்களை அங்குலத்துக்கு 150 புள்ளியாக்கும்; 'ஸ்க்ரீன்' அமைப்பு 72 ஆக்கும். 72இல் கோப்பு நன்றாகச் சுருங்கும், பாட எழுத்தும் கெடாது. ஆனால் சமூக அறிவியல் வரைபடத்தில் ஊர்ப்பெயர் படிக்க முடியாமல் போகும், படமாக இருக்கும் க்யூஆர் கோடும் மங்கிவிடும். 150க்குக் கீழே இறங்காதீர்கள்.

க்யூஆர் என்றதும் இன்னொன்று. அதை ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான காணொளி திறக்கும். போனில் நூலைத் திறந்து வைத்திருப்பவர் அதே போனால் தன் திரையை ஸ்கேன் செய்ய முடியாது. கோடுக்கு அருகில் அச்சாகியிருக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டை, அந்தக் காணொளிகள் உள்ள திக்‌ஷா செயலியில் தட்டச்சு செய்தால் அதே காணொளி வரும். இதைப் பிள்ளைகளிடம் ஒருமுறை செய்து காட்டுங்கள், பலருக்கும் தெரிவதில்லை.

மெமரி கார்டை ஃபார்மட் செய்யும்போது, கோப்புகளைச் சேமிக்கும் முறையாக ஃபேட்32ஐத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறையைச் சில பழைய போன்கள் படிப்பதில்லை. ஏற்றியபின் ஃப்ளைட் மோடில் போட்டு ஒரு பாடத்தைத் திறந்து பாருங்கள். பிடிஎஃப் படிக்கும் செயலியே இல்லாத போன்கள் அப்போதுதான் தெரியவரும்.

பார்வையற்ற மாணவர்களுக்கு இது எதுவும் போதாது. பல தமிழ் நூல்களின் எழுத்துரு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இல்லை. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற எழுத்துகள்தான் வரும். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஆண்ட்ராய்டு வசதியான டாக்பேக்கும் அதையேதான் வாசிக்கும். சுருக்காத மூலக் கோப்பிலிருந்து 300 புள்ளியில் பக்கங்களைப் படமாக்கி, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளான டெசராக்டின் தமிழ்த் தரவைக் கொண்டு எழுத்தாக மாற்ற வேண்டும். பிறகு மனிதக் கண் தேவை. துணைக்காலும் 'ர'வும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் இயந்திரம் இடம் மாற்றிப் போட்டுவிடும். 'ஔ' இரண்டாக உடைந்து 'ஒ', 'ள' ஆகும். கண்ணுக்குத் தப்பும் இந்தப் பிழை, வாசிக்கக் கேட்கும்போது சொல்லையே சிதைத்துவிடும். சமன்பாடுகளை இயந்திரத்தை நம்பி விடவே கூடாது. அவற்றையும் படங்களின் விளக்கத்தையும் அந்தப் பாடத்தின் ஆசிரியரே சொற்களில் எழுதித் தரவேண்டும். ஒரு கணக்குப் பாடத்துக்கு இந்த வேலையே அதிக நேரம் பிடிக்கும். பள்ளி திறக்கும் முன், கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.