இல்லாத லீக்கைத் தேடிய கதை

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பரிசோதனைக் கூடத்தில் ஜிசி-எம்எஸ் (கலவையைப் பிரித்து, ஒவ்வொரு வேதிப்பொருளையும் நிறையை வைத்து அடையாளம் காட்டும் கருவி) ஓட்டுகிறேன். அசோ சாயத்திலிருந்து பிரியும், புற்றுநோய் அபாயமுள்ள அமீன்களைத் தேடுவதுதான் முக்கிய வேலை. ஐரோப்பியப் பட்டியலில் உள்ள 22 அமீன்களில் எதுவும் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ரிப்போர்ட் இல்லாமல் சரக்கு கிளம்பாது.

ஆண்டுப் பராமரிப்புக்கு வந்த சர்வீஸ் இன்ஜினியர் சோர்ஸைச் (மூலக்கூறுகள் அயனியாகும் பகுதி) சுத்தம் செய்து, புதுக் கேபிலரி (மாதிரி பிரிந்து ஓடும் நீளமான மெல்லிய குழாய்) மாட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து தகராறு. கருவியின் வெற்றிடத்தில் 2×10⁻⁵ டாரில் நிற்கும் அழுத்தம் 5×10⁻⁵-ஐத் தாண்டியது. அந்த 22-இல் ஒன்றான பென்சிடினின் சிக்னல் படுத்துவிட்டது.

போன் செய்தால், "ஏர் லீக் சார், நட்டை டைட் பண்ணுங்க." செய்தோம், அசையவில்லை. (நட்டுக்குள் கசிவை அடைக்கும் வளையம்தான் ஃபெருல். வெஸ்பல் பிளாஸ்டிக் கலந்த ஃபெருல் சூட்டில் சுருங்கும், புதிதாக மாட்டினால் பிறகு லேசாக ஒருமுறை இறுக்குவது சரிதான். கோபத்தில் இறுக்கினால் நொறுங்கிவிடும்.) அடுத்த போனில், வெற்றிடம் உண்டாக்கும் டர்போ பம்ப் போய்விட்டதாம். வந்து பார்க்கவில்லை, ஆனால் கொட்டேஷன் மட்டும் மாலைக்குள் மெயிலில் வந்துவிட்டது! இதற்கிடையில் மேல்விஷாரத்திலிருந்து சரக்குக்காரர் பாய், "என்ன தம்பி, கன்டெய்னர் நிக்குது" என்று விடாமல் கூப்பிடுகிறார்.

லீக் என்றால் ஸ்பெக்ட்ரத்தில் (நிறைவாரியாகச் சிக்னலைக் காட்டும் படம்) காற்று தெரிந்தாக வேண்டுமே. கருவியைச் சரிபார்க்க விடும் ட்யூன் வாயுவின் 69 என்ற நிறை எண் பீக்கை 100 என்று வைத்தால், நைட்ரஜனின் 28 பத்துக்குள் இருந்தது. ஆக்சிஜனின் 32-ம் அடக்கமாகவே இருந்தது. ஐசிபி என்ற வேறொரு கருவிக்கு வைத்திருக்கும் ஆர்கானை ஒவ்வொரு நட்டின் மேலும் மெல்ல ஊதிப் பார்த்தேன், ஆர்கானின் 40 எழவே இல்லை. கேபிலரியைக் கழற்றிவிட்டு, துளையில்லாத ஃபெருலால் இன்டர்ஃபேஸை (எம்எஸ்ஸுக்குள் கேபிலரி நுழையும் வாய்) அடைத்ததும் அழுத்தம் சரசரவென இறங்கியது. ஆக பம்ப் நன்றாக இருக்கிறது. உள்ளே வருவது காற்றல்ல, கேபிலரி வழியே மாதிரியைத் தள்ளிக்கொண்டு வரும் ஹீலியம், அதுவும் அளவுக்கு மீறி.

அப்புறம்தான் பீக்குகள் எல்லாமே முன்கூட்டி வந்துகொண்டிருந்தது உறைத்தது. கேபிலரி இருக்கும் சூட்டடுப்பைத் (ஓவன்) திறந்து கேபிலரியின் அட்டையைப் படித்தேன்: உள்விட்டம் 0.32 மி.மீ. மென்பொருளில் 0.25 என்றே இருக்கிறது. ஓட்டம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். நிமிடத்துக்கு 1 மி.லி. என்று நாம் நினைப்பது உண்மையில் 2.7 மி.லி.

எண்ணை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். அதே 30 மீட்டரில், 0.32-க்கு 1 மி.லி. கேட்டால் கேபிலரியின் தொடக்கத்தில் (இன்லெட்) அழுத்தம் வெளிக்காற்றுக்கும் கீழே போக வேண்டியிருக்கும், கருவியால் முடியாது. பழைய 0.25-ஐயே முனை வெட்டி மாட்டினேன். இரவு முழுக்க பம்ப் ஓடியதும் அழுத்தம் பழைய இடத்துக்கு வந்தது. பாய்க்கு ரிப்போர்ட் போனது.

பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து 'லீக் சரிசெய்யப்பட்டது' என்று ஒரு படிவம் வந்தது. மாட்டிய கேபிலரியின் அளவை எழுதித் திருத்தி அனுப்பும்வரை கையெழுத்துப் போடவில்லை.