மீற்றர் 24 காட்டினால்

போன வெள்ளிக்கிழமை முதல் தடவையாக நான் ஆட்களை இன்டர்வியூ எடுத்தேன். படுவான்கரையில் உள்ள எங்கள் பால் சேகரிப்பு நிலையத்துக்கு ஒரு பொறுப்பாளர் தேவை. ஒரு இடம், ஆறு பேர். முதல் நாள் இரவு எனக்குச் சரியான நித்திரை இல்லை.

காரணம் பழையது. நானும் படுவான்கரைப் பிள்ளைதான். 2014 இல் மண்முனைப் பாலம் திறப்பதற்கு முன்பு, பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஏறி ஆற்றைக் கடந்து மட்டக்களப்பு டவுனுக்கு ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். பாதை பிந்தியதால் நானும் இருபது நிமிடம் பிந்திவிட்டேன். கேள்வி கேட்டவர் ஃபைலை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. "கலியாணம் முடிச்சா வேலைக்கு வருவீங்களா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். கடிதம் போடுவோம் என்று அனுப்பினார்கள். மூன்று மாதம், தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடினேன். கடிதம் வரவில்லை.

அதனால் இரண்டு விசயம் முடிவு செய்துகொண்டு போனேன். கலியாணம் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. முடிவை எல்லோருக்கும் சொல்லிவிடுவது.

மெனேஜர் தந்த புள்ளித்தாளில் படிப்புக்கு 30, ஆங்கிலத்துக்கு 20, கணினிக்கு 20, தோற்றத்துக்கும் பேச்சுக்கும் 30 என்று இருந்தது. பால் என்ற சொல்லே அதில் இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவும் இல்லை. "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்று தொடங்கினேன். முதலாவது வந்த தம்பி டவுன் பிள்ளை, கடகடவென்று பேசினார். இரண்டாவது ஆளும் பரவாயில்லை.

மூன்றாவதாக ஒரு தங்கச்சி. தகப்பனுக்கு மயிலத்தமடுப் பக்கம் மாட்டுப் பட்டி. பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், அப்புறம் நின்றுவிட்டார். ஃபைலின் மூலையை விரலால் மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். "வேற என்ன மிஸ் சொல்ல?" பேச்சுக்கு நான் 8 போட்டுவிட்டேன்.

சரி, அனுப்பும் முன் வேலையைப் பற்றியாவது ஒன்று கேட்போம் என்று நினைத்துக் கேட்டேன்: "விடிய ஒரு மாமா பால் கொண்டுவாறார். மீற்றர் 24 காட்டுது. என்ன செய்வீங்க?"

அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "பால் சூடா மிஸ்?"

மீற்றர் என்றது பாலின் அடர்த்தியைப் பார்க்கும் லக்டோமீற்றரை. நல்ல பசுப்பாலில் அது 26க்கும் 32க்கும் இடையில் நிற்க வேண்டும். கீழே போனால் தண்ணீர் கலந்த பால் என்றுதான் உடனே நினைப்போம். ஆனால் கறந்த சூடு ஆறாத பாலில் மீற்றர் குறைத்துத்தான் காட்டும். நுரை அடங்க வேண்டும், வெப்பநிலையையும் பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது விளங்காமல் ஒரு பெரியவரின் பாலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

"ஆறவிட்டுத் திரும்பப் பார்ப்பன். அப்பவும் குறைஞ்சா ஆக்களுக்கு முன்னால சொல்லமாட்டன் மிஸ், தனியக் கூப்பிட்டுச் சொல்லுவன். அவர் நாளைக்கும் பால் கொண்டுவரணும்தானே."

எனக்குப் பேச்சு வரவில்லை. இதே கேள்வியை முதல் இரண்டு பேரிடமும் நான் கேட்கவில்லையே! ஒருவருக்கு ஒரு கேள்வி, இன்னொருவருக்கு வேறு கேள்வி என்றால் யாரை யாரோடு ஒப்பிடுவது? மெனேஜரிடம் சொன்னேன். "தேவையா?" என்றார். தேவை என்றேன். டவுன் தம்பி இன்னும் பஸ் வராமல் நின்றிருந்தார், திரும்பி வந்தார். பாலைத் திருப்பி அனுப்புவேன் என்று சட்டென்று சொன்னார். மற்றவரிடம் போனில் கேட்டேன். ஒரு போத்தலில் மாதிரி எடுத்து வைத்துவிட்டு மேலே அறிவிப்பேன் என்றார். அதுவும் நல்ல பதில்தான். மிச்சம் மூன்று பேரிடமும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன். பதில் வரப் பிந்தினாலும் குறுக்கே பேசாமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் விட்டால் ஆட்கள் யோசித்து நல்லாகவே சொல்கிறார்கள்.

பின்னேரம் புள்ளித்தாளை வைத்துக்கொண்டு மெனேஜரோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். பால் கொண்டுவருகிற ஆட்கள் எல்லோரும் தமிழில்தான் பேசுகிறார்கள், ஆங்கிலத்துக்கு எதற்கு 20 என்று கேட்டேன். கடைசியில் ஆங்கிலத்தை 5 ஆக்கி, 15ஐ அந்தக் கேள்விக்குத் தந்தார். ஆறு பேருக்கும் புதிதாகப் புள்ளி போட்டோம். பேச்சுக்கு நான் போட்ட 8 அப்படியே கிடந்தும் அந்தத் தங்கச்சிதான் முதலாவது வந்தார்.

திங்கட்கிழமை காலையில் மற்ற ஐந்து பேருக்கும் நானே போன் எடுத்தேன். முதலில் டவுன் தம்பிக்கு. கிடைக்கவில்லை என்று சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: "மிஸ், அந்தப் பால் கேள்விக்கு என்ன சொல்லியிருக்கணும்?"

பத்து நிமிடம் இருந்து அவருக்கு விளக்கிச் சொன்னேன். அடுத்த இலக்கத்தை எடுக்கும்போது மணி ஒன்பதரை.