ஹாஷிமோட்டோ நோயும் என் வீட்டுச் சமையலும்

எனக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி இருப்பது ரத்தப் பரிசோதனையில் உறுதியானதிலிருந்து, எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும் என்று அறிவுரை சொல்லாத உறவினரே இல்லை. அவர்கள் சொன்னவற்றுள் எவை தேறின என்பதை, மருத்துவரிடம் கேட்டும் படித்தும் அறிந்த அளவில் எழுதுகிறேன்.

1912ஆம் ஆண்டில் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் நான்கு பெண்களின் தைராய்டுச் சுரப்பிகளை ஆராய்ந்து விவரித்த இந்நோயில், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே சுரப்பியைத் தாக்கிச் சிதைக்கிறது. ஹார்மோன் குறைந்துவிட்டால் அதை ஈடுகட்ட லீவோதைராக்சின் மாத்திரை தருகிறார்கள். சிதைந்த சுரப்பியை மீண்டும் வளரச் செய்வதாக நிரூபிக்கப்பட்ட உணவோ மூலிகையோ இல்லை. ஆகவே மாத்திரையை நிறுத்திவிடச் சொல்லும் காணொளிகளை நான் அத்துடன் மூடிவிடுகிறேன்.

உணவு விஷயத்தில் எனக்கு அதிகப் பலன் தந்தது நேர ஒழுங்குதான். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறெதுவும் உட்கொள்ளாமல் இருக்க வேண்டும். காபி குடலில் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்; சோயாவும் அப்படியே. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். விடிந்ததும் ஃபில்டர் காபி இல்லாமல் கண் திறக்காத குடும்பத்தில் பிறந்தவளுக்கு இது எளிதாக இல்லை. ஆனால் காபியைத் தள்ளிவைத்த பிறகு, மருந்தின் அளவைக் கூட்டாமலேயே என் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் போதாதபோது ரத்தத்தில் உயர்வது) அளவு இறங்கியது.

எங்கள் அத்தை முதலில் தடைசெய்தது முட்டைக்கோஸை. பச்சையாக மிக அதிகமாகத் தின்றால்தான் அதிலுள்ள சேர்மங்களால் தொல்லை வரலாம். வேகவைத்தால் அவற்றின் வீரியம் பெருமளவு குறைந்துவிடும். வாரத்தில் ஒருநாள் பொரியல் செய்வதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அதே அத்தை, உடம்புக்கு நல்லது என்று தினமும் கம்பங்கூழ் குடிக்கச் சொன்னார். கம்பிலுள்ள ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரச் சேர்மங்கள் சில தைராய்டு ஹார்மோன் உருவாவதைத் தடுப்பதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். வேகவைத்தாலும் அவை எளிதில் போய்விடுவதில்லை. சூடானின் டார்ஃபூர் பகுதியில் கம்பையே முதன்மை உணவாகக் கொண்டவர்களிடம் முன்கழுத்துக் கழலை மிகுந்திருந்ததற்கு, அயோடின் குறைவோடு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அதற்காக நான் கம்பை ஒதுக்கவில்லை. வரகு, சாமை, அரிசி என்று மாற்றி மாற்றிச் சமைக்கிறேன்.

அயோடின் விஷயத்தில் இரு திசையிலும் மிகை உண்டு. அயோடின் சேர்த்த உப்பைக் கைவிட்டு இந்துப்புக்கு மாறுகிறவர்களும், கடற்பாசி மாத்திரையை வாங்கி விழுங்குகிறவர்களும் என் தோழிகளிலேயே இருக்கிறார்கள். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பிணிக்கு 250 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்நோயில் அளவுக்கு மிஞ்சிய அயோடின் சுரப்பியின் அழற்சியைத் தூண்டக்கூடும் என்பதால், வழக்கமான உப்போடு நிறுத்திக்கொள்வதே என் தீர்மானம்.

செலினியம் என்ற தாதுச்சத்து மாத்திரை, சுரப்பிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களின் அளவைச் சிலரிடம் குறைத்ததாக ஆய்வுகள் சொன்னாலும், அதனால் மருந்தின் தேவை குறைந்தது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. மீனும் முட்டையும் எனக்குப் போதும். கோதுமையை விலக்குவதும், அதிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருப்பவர்களுக்கே கட்டாயம். தைராய்டு நோயாளிகளிடம் அது சற்று அதிகமாகக் காணப்படுவதால், சந்தேகம் இருந்தால் பரிசோதித்த பிறகு விலக்கலாம்.

கொத்தமல்லி விதை ஊறிய நீரால் கெடுதல் இல்லை, மாத்திரைக்குப் பதிலாக வைக்காதவரை. அமுக்கராவை (அஸ்வகந்தா) மட்டும் நான் தொடுவதில்லை. அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். மாத்திரையோடு சேரும்போது படபடப்பு வரை போகலாம். கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. இயற்கையானது என்பதாலேயே ஒரு வேர் சாதுவாகிவிடாது.

முடி உதிர்வுக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: அது சில ஆய்வுக்கூடக் கருவிகளில் டி.எஸ்.எச். அளவை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே அதை நிறுத்திவிடுங்கள். எடுத்துவந்ததை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.