அந்தக் கம்பியை அவிழ்த்துவிடுங்கள்

போன மாதம் பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு கட்டுமான சைட்டில் மாமாவுக்குத் தொடையில் எட்டுத் தையல். வட்ட ரம்பத்தின் கீழ்மூடியைக் கம்பி போட்டு மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள், வெட்டுக் கோடு தெரியவில்லையாம். பலகை தொய்ந்து பிளேடை இறுக்கியது, மெஷின் அப்படியே பின்னால் எகிறி ஜீன்ஸோடு தோலையும் கிழித்துவிட்டது. மூடி தன் பாட்டில் இறங்கியிருந்தால் பல்லை மறைத்திருக்கும்.

சரி, பலகைக்கு முட்டுக் கொடுங்கள், ஆனால் வெட்டுப்படும் துண்டு தடையில்லாமல் விழட்டும். பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். அப்புறம் ஒன்று, உடனடி ஆபத்தை முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யாவிட்டால், வேலையை விட்டு விலகி நிற்க 2024 ஜூன் 1 முதல் நம் மலேசிய வேலையிடப் பாதுகாப்புச் சட்டமே உரிமை தருகிறது. மாமாவுக்கு இது தெரியாது. உங்கள் வீட்டில் சைட்டுக்குப் போகிறவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.